பராமரிப்பின்மைச் சான்று

என்னிடம் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று இருக்கிறது. நாங்கள் குடியேறியிருக்கும் குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில், ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, வீடு மாற்றம் என்று தமிழர் யாருக்கு எது வந்தாலும் முதலில் அந்த வண்டி ஞாபகம் வரும். அப்புறம் வேறு வழியில்லாமல் அதை ஓட்டுகிற கௌரிசங்கர் ஞாபகம் வரும். கௌரிசங்கர் நான்தான். இப்படி ஓட்டப் போன பாவத்துக்குத்தான், பெற்றோரோடு வாழ முடியாத பிள்ளைகள் இந்த நாட்டில் சட்டப்படி தங்குவதற்கு எத்தனை வழிகள் இருக்கின்றன என்பதை நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. நிறைய வழிகள் இருக்கின்றன. அவற்றை விளக்குகிற வண்ணப் படங்கள்கூட இருக்கின்றன.

பார்கவிக்குப் பதினேழு வயது. அவள் அப்பா பழனிசாமி சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் பெரிய ஆள், தற்காலிக வேலை விசாவில் வந்தவர். மனைவி பத்மாவும் மகளும் அந்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ஒருநாள் பழனிசாமி மகளின் போன் பாஸ்வேர்டைக் கேட்டார். அவள் சொல்லவில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். எலும்பில் விரிசல். கட்டோடு பள்ளிக்கூடம் போனவளை டீச்சர் விசாரித்தார், போலீஸ் வீட்டுக்கு வந்தது, "போலீஸை வீட்டுக்கு வர வெச்சவ எம்பொண்ணே இல்ல" என்று பழனிசாமி அறிவித்தார். அப்பாக்கள் கோபத்தில் இப்படிச் சொல்வார்கள், சாயங்காலம் காப்பி குடித்ததும் மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. குடும்பம் இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான பி.ஆர். விண்ணப்பத்திலிருந்து மகளின் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பார்கவி போய் நின்றது செல்வமலர் அக்கா வீட்டு வாசலில். வார இறுதிகளில் அவள் வேலை பார்த்த சூப்பர்மார்க்கெட்டில், இறைச்சி வெட்டிக் கொடுக்கும் பகுதியில் கூட நிற்பவர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், படகில் வந்தவர், வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் கிடந்து வெளியே வந்தவர். "உள்ளுக்கு வா பிள்ளை" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் குடிவரவுக்காரர்கள் கேட்பார்களே. தனியாக ஒரு விசா கிடைத்தால் பார்கவி அக்கா வீட்டிலேயே இருந்து படிப்பை முடிக்கலாம். கிடைக்காவிட்டால் போக இரண்டு இடம்தான்: அப்பா வீடு, இல்லையென்றால் கரூரில் பெரியப்பா வீடு. பெரியப்பா அதற்குள் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவைத்துவிட்டு, பையன் தங்கமானவன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே பார்கவியையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளின் விசாவைக் கவனிக்கிற, பரமட்டாவில் இருந்த இளையோர் நல்வழித்தட மையத்துக்கு வண்டியை விட்டேன்.

மையத்தின் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்கப் படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், எல்லாருக்கும் வெள்ளைப் பற்கள். கீழே 'குடும்பமே முதல் வழி' என்று எழுதியிருந்தது. பெற்றோரால் வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் காத்திருக்கும்போது பார்ப்பதற்காக அதை மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தொடுதிரை. 'உங்கள் பெற்றோர்: இறந்துவிட்டனர், காணவில்லை, மற்றவை' என்று கேட்டது. பார்கவி 'மற்றவை'யைத் தொட்டாள். 'மற்றவை பிரிவினர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின், பெற்றோரில் ஒருவரை அழைத்துக்கொண்டு வரிசையில் நிற்கவும்' என்றது திரை.

"அங்கிள், இது சாஃப்ட்வேர் பக்-ஆ?" என்று கேட்டாள்.

"பாலிசியா இருக்கும்மா," என்றேன்.

வழித்தட அலுவலர் டெனிஸ் எங்களை உள்ளே அழைத்தார். அன்பான பெண்மணி. மேசையில் பேப்பர் டிஷ்யூ பெட்டி, சாக்லெட் கிண்ணம், கற்றாழைத் தொட்டி. பேசியது ஆங்கிலத்தில், அந்த மரியாதை குறையாமல் இங்கே தமிழில் தருகிறேன்.

"முதல் வழி மிகவும் எளிமையானது, கண்ணே. அம்மா, அப்பா இருவரும் காலமாகிவிட்டார்களா?"

"இல்லை."

"ஓ." டெனிஸின் முகம் வாடிவிட்டது. "வருந்துகிறேன். மனம் தளராதே, இன்னொன்று இருக்கிறது. காணாமல் போய்விட்டார்களா?"

"ரவுண்டபவுட் தாண்டி ரெண்டாவது தெரு," என்றாள் பார்கவி.

"தெரு வரை தெரிந்துவைத்திருக்கிறாய்," என்றார் டெனிஸ், கொஞ்சம் கண்டிப்போடு. "அப்படியானால் மூன்றாவது வழி: பெற்றோர் உன்னைக் கவனித்துக்கொள்ள இயலாதவர்களாக இருக்க வேண்டும்."

பார்கவி எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினாள். டெனிஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

"இது மிக முக்கியமான சான்று. இதைக் கொண்டுவந்ததற்கு நன்றி. எலும்பு விரிசல்விடும் அளவுக்குத் திருக வேண்டுமென்றால் ஒருவருக்குத் தோள், முழங்கை, விரல் பிடி எல்லாமே சீராக இருக்க வேண்டும். உன் அப்பா பூரண ஆரோக்கியத்தோடு இருக்கிறார். இவரை இயலாதவர் என்று நான் எழுதினால், அது அவரைப் புண்படுத்தும் செயலாகிவிடாதா?"

"அவருக்கு முடியும். அவர் என்னை வேண்டாங்கறார்," என்றாள் பார்கவி.

"அது விருப்பமின்மை. அதற்குத் தனிப் பிரிவு, ஆறாவது மாடியில்."

நான் எழுந்தேன். "இந்தக் கட்டடத்துல நாலு மாடிதானே பார்த்தேன்?"

"ஆம். நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கிறோம்," என்றார் டெனிஸ், சாக்லெட் கிண்ணத்தை எங்கள் பக்கம் நகர்த்தியபடி.

வண்டியில் ஏறியதும் செல்வமலர் அக்கா சீட் பெல்ட்டைக் கோபத்தோடு இழுத்தார். "தம்பி, நான் வில்லாவுட்டில கிடந்தனான். கத்துற ஒபிசரிட்டை ஏதாவது நடக்கும். சொக்லேட் தாறவைதான் ஃபைலை மூடுறவை." பார்கவி அந்தச் சாக்லெட்டைத் தின்றுகொண்டிருந்தாள். காலையில் அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த முறை எங்களைப் பண்பாட்டு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். விக்னராஜா என்று பெயர். ஊர் மேடைகளில் பார்த்திருக்கிறேன். மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, கழற்றாமலே பேசுகிறவர். அவர் அறை அலமாரியில் கேடயங்கள் வரிசையாக நின்றன.

"இருங்கோ, இருங்கோ," என்று கதிரைகளைக் காட்டிவிட்டு ஆரம்பித்தார். "நான் வெளிப்படையாச் சொல்லுறன். எங்கட பண்பாட்டில தாய் தகப்பனோட வாழ ஏலாத பிள்ளை எண்டு ஒண்டு கிடையாது. இதை நான்தான் இவைக்கு முதல்முதல் எடுத்துச் சொன்னனான். கேட்டு அதிசயிச்சுப் போய், உடனே இந்தப் பிரிவுக்கு என்னையே தலைவராப் போட்டவை. இல்லாத பிரச்சினை ஒண்டைக் கனகாலமாக் கவனிச்சுக்கொண்டு வாறன். இதுவரைக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை இந்த வழியால விசா எடுத்ததில்லை. அது எங்கட சமூகத்தின்ர வெற்றி. அந்த மூண்டாவது கேடயம் அதுக்குத்தான் தந்தவை."

"இந்தப் பிள்ளையின்ர கையை உடைச்சிருக்கு," என்றார் அக்கா.

"உடைக்கேல்ல, வெடிப்புத்தான். வாசிச்சனான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எண்டாலும் உங்களுக்காக ஒரு வழி சொல்லுறன். தாயும் தகப்பனும் இந்தப் பிள்ளையை எந்த விதத்திலயும் பராமரிக்கேல்ல எண்டு காட்டினா, பராமரிப்பின்மைச் சான்று எண்டு ஒண்டு தருவினம். அது கிடைச்சா விசாவுக்குப் போடலாம். தகப்பன் பிரச்சினை இல்லை. அவர் தானாவே எழுதித் தந்திட்டார், அழகான இங்கிலிஸ். டெனிஸ் சொல்லுறா, இவ்வளவு ஒத்துழைப்புத் தாற தகப்பனைத் தான் கண்டதே இல்லையாம். தாயைத்தான் பாக்க வேணும். முதல்ல வீட்டுக்கு வந்து பாப்பம்."

அந்தத் தாயைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பத்மாவின் போனைப் பழனிசாமி வாங்கி வைத்துக்கொண்டார். மகள் பேச்சை எடுத்தால், உன் பெயரையும் விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட எனக்கு ஒரு மின்னஞ்சல் போதும் என்றார். ஆனால் வாரா வாரம் இந்தியன் கடைக்கு அரிசி பருப்பு வாங்க வந்தாக வேண்டுமே. பழனிசாமி காரிலேயே உட்கார்ந்து பங்குச்சந்தை பார்ப்பார். உள்ளே அப்பளம் அடுக்கியிருக்கும் மூலையில் நான் நிற்பேன். பத்மா பையிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து என் பையில் வைப்பார். வத்தக்குழம்போ, பருப்புப்பொடியோ, எள்ளுருண்டையோ இருக்கும். "பாப்பாகிட்டக் குடுத்துருங்கண்ணா" என்பதோடு சரி. டப்பாவைக் கழுவி, அடுத்த வாரம் நான் திருப்பிக் கொண்டுபோவேன். செல்வமலர் அக்கா அதை ஒருநாளும் வெறுமையாகக் கொடுத்துவிட்டதில்லை. "வெறும் பெட்டி குடுக்கப்படாது தம்பி" என்று சொல்லி இரண்டு கடலை வடையாவது, கொஞ்சம் சம்பலாவது வைத்து மூடுவார். அந்த இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் பத்மாவுக்குச் செல்வமலர் அக்காவின் கை உப்புத் தெரியும்.

மையத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்த அன்று அக்கா விடிகாலையிலேயே எழுந்து சமைத்துவிட்டார். பரிசோதிக்க வருகிறவர்களை நம்மவர்கள் விருந்தாளி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எவ்வளவு பட்டாலும் இது போகாது. டெனிஸ் பார்கவியின் அறையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், அலமாரியைத் திறந்து பார்த்தார். பெற்றோர் தந்ததாக ஒரு பொருளும் இல்லை. "மிக நன்று," என்று குறித்துக்கொண்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது விக்னராஜாவின் தட்டில் சோறு மட்டும் கிடப்பதைக் கண்ட அக்கா, குளிர்பெட்டியைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தார்.

"இதை விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கோ. பிள்ளையின்ர தாய் வச்ச குழம்பு. அருமையா வைப்பா. கிழமைக்குக் கிழமை விடாமல் அனுப்புறவ. நானும் வெறும் பெட்டி திருப்பி அனுப்புறேல்ல."

நான் இருமினேன். பார்கவி "அன்ரி!" என்றாள். அக்காவுக்கு விளங்கவில்லை. ஒரு தாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் பிள்ளைக்கு உதவும் என்று அவர் நினைத்திருந்தார்.

விக்னராஜா குழம்பை விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். இன்னொரு முறை வாங்கியும் சாப்பிட்டார். விரல்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். கை கழுவித் துடைத்துவிட்டு, "டெனிஸ், இதை நீங்கள் பதிய வேண்டும்" என்றார். டெனிஸ் டப்பாவைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் படம் எடுத்துக்கொண்டார். கொண்டுவருவது யார் என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாததால் நான் கையைத் தூக்கினேன். 'பராமரிப்பைக் கடத்தும் மூன்றாம் நபர்' என்று என்னையும் எழுதிக்கொண்டார்கள்.

முடிவை மையத்தில் வைத்துச் சொன்னார்கள். தாயின் பராமரிப்பு திரவ வடிவில் தொடர்வதாகவும், பாத்திரம் நிரம்பிய நிலையில் திரும்புவதால் இரு வீடுகளும் ஒரே குடும்பமாக இயங்குவதாகவும் கண்டறிந்திருந்தார்கள்.

"அப்ப நான் குடும்பம்தானே? நான் ஸ்பொன்சர் பண்ணுறன்," என்றார் அக்கா.

"நீங்கள் உறவினர் அல்லவே," என்றார் டெனிஸ். "குடும்பமாக இயங்குகிறீர்கள், ஆனால் குடும்பம் அல்ல. இது சட்டத்தில் மிகவும் நுணுக்கமான இடம். எங்களுக்கே சில நாள் புரியாது." பிறகு பார்கவியின் பக்கம் குனிந்து கனிவாகச் சொன்னார்: "உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, கண்ணே. இன்னொரு வாய்ப்புத் தருகிறோம். கொஞ்ச காலம் உன் தாய் உன்னைப் பராமரிக்காமல் இருக்க வேண்டும். கடைசி டப்பா காலியாகத் திரும்பிப் போகட்டும். அதன் பிறகு அவர் இங்கே வந்து, உன் முன்னால், உன்மேல் தனக்கு எந்த அக்கறையும் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு குழந்தையின் நலனுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாரா?"

அந்த வாரம் அப்பள மூலையில் நான் டப்பாவை நீட்டியதும் பத்மா வாங்கினார். கையில் எடை இல்லை. குலுக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்தார். நம் ஆட்களுக்கு வெறும் பாத்திரம் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இனி உன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம்.

"அந்தக்காவுக்கு எம்மேல ஏதாச்சும் வருத்தங்களா?"

அவசர அவசரமாக விவரம் சொன்னேன். கேட்டுக்கொண்டே டப்பாவைத் துடைத்தார், சுத்தமாக இருந்த டப்பாவை.

"நான் அவளைப் பாத்துக்கறதில்லைன்னு சொன்னா, அவளை இங்க இருக்க வுட்டுருவாங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"சொல்லிப்போடறனுங்க," என்றார். அன்று அவர் பையில் எடுத்து வந்திருந்த குழம்பு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது. நான் அந்த மையத்தை நினைத்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன். இந்தக் கதையில் அந்த வார்த்தைகளைப் போட முடியாது.

வாக்குமூலம் சொல்லும் நாளில் பத்மாவை அனுப்பப் பழனிசாமி தயங்கவே இல்லை. "போய் எங்களுக்கு அவ வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வா" என்று உற்சாகமாக வழியனுப்பினார். வண்டியில் பத்மாவும் செல்வமலர் அக்காவும் முதல்முறை சந்தித்துக்கொண்டார்கள். கும்பிட்டுக்கொண்டார்கள். உடனே அக்கா பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

"சாப்பாடு குடுக்கிறீங்களோ எண்டு கேப்பினம்."

"இல்லைங்க."

"அழப்படாது. பிள்ளையைப் பாத்து ஒண்டும் கேக்கப்படாது, சாப்பிட்டியோ எண்டுகூட."

"கேக்க மாட்டனுங்க."

பரமட்டா போய்ச் சேருவதற்குள் பத்மா தேறிவிட்டார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. இவ்வளவு கச்சிதமாகத் தன் பிள்ளையை மறுக்கப் பழகிவிட்டார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பார்கவி பள்ளியில் பரீட்சை எழுதிவிட்டு ரயிலில் வந்தாள், குடை இல்லாமல். அறைக்குள் நுழைந்தபோது அவள் தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடியது. தாயின் பக்கத்துக் கதிரையில்தான் இடம் இருந்தது; உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் பார்க்காத மகளைப் பத்மா திரும்பிப் பார்க்கவில்லை. டெனிஸையே பார்த்துக்கொண்டிருந்தார். டெனிஸ் கேட்கக் கேட்க விக்னராஜா தமிழில் சொன்னார்.

"இந்தப் பிள்ளையின்ர சாப்பாட்டில உங்களுக்குப் பங்கு இருக்கோ?"

"இல்லைங்க."

"உடுப்பு, படிப்பு?"

"இல்லைங்க."

டெனிஸ் திருப்தியோடு குறித்துக்கொண்டே வந்தார். செல்வமலர் அக்கா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினார். முடிந்துவிட்டது, பிள்ளை தப்பிவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

"பிள்ளையின்ர உடல்நலம் பற்றி விசாரிக்கிறனீங்களோ?"

"இல்லைங்க. அவளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. அவ எப்படிப் போனாலும் எனக்கு அக்கறை இல்லீங்க," என்றார் பத்மா, தெளிவாக, டெனிஸின் கண்ணைப் பார்த்து. அப்படிச் சொல்லும்போதே அவருடைய வலது கை துப்பட்டாவின் நுனியை எடுத்துச் சுருட்டியது. பக்கத்தில் போய் மகளின் உச்சந்தலையில் வைத்துத் துவட்டத் தொடங்கியது. உச்சியில், பிறகு காதோரம், பிறகு பிடரியில், ஈரம் இறங்கிச் சளி பிடித்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து அழுத்தி அழுத்தித் துடைத்தது. பத்மாவுக்கு அது தெரியவில்லை. பார்கவியும் தெரியாமலே தலையைக் குனிந்து கொடுத்தாள்.

நான் இருமினேன். அக்கா காலால் இடித்தார். கை நிற்கவில்லை.

டெனிஸ் பேனாவை மூடினார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன, அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. ஒரு டிஷ்யூவை எடுத்துக்கொண்டார்.

"இந்த வேலையில் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. பார்கவி, நீ அதிர்ஷ்டசாலி. உன் அப்பாவின் கை எவ்வளவு வலுவானது என்று எக்ஸ்ரேயில் பார்த்தோம். உன் அம்மாவின் கை எவ்வளவு அன்பானது என்று இப்போது நேரில் பார்த்துவிட்டோம். இப்படிப்பட்ட பெற்றோர் இருக்கும் ஒரு பிள்ளைக்குச் சான்று கொடுத்தால், உண்மையாகவே யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வோம்? ஃபைலை மகிழ்ச்சியோடு மூடுகிறேன். வீட்டுக்குப் போ, கண்ணே."

பார்கவி அப்போதுதான் தலையில் இருந்த கையை உணர்ந்தாள். நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தாள். செல்வமலர் அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். டெனிஸின் வேகமான ஆங்கிலத்தில் பத்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த அம்மாளின் கலங்கிய கண்ணும் சிரிப்பும் மட்டும்தான் தெரிந்தன. எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு விக்னராஜாவைப் பார்த்தார்.

"என்னங்க சொல்றாங்க?"

விக்னராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்கள் நல்ல தாய் எண்டு சொல்லுறா, அம்மா."

பத்மாவின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்படிங்களா? அப்போ பாப்பாவுக்கு விசா குடுத்துருவாங்கல்லங்க?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி துவட்டத் தொடங்கினார்.